ரெகுலேஷன் மாறினால் பழைய மாணவர்கள் என்ன ஆவார்கள்? கல்விப் பிரிவு கேள்வி-பதில்

இந்த முறை துறைத்தலைவர்கள், தேர்வுப் பிரிவு ஊழியர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என எல்லாத் தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்ட விதம் வேறுவேறு. ஆனால் பெரும்பாலானவை ஓர் இடத்தில்தான் போய் நிற்கின்றன: ஒரு விதி யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, யார் ஒப்புதலோடு பொருந்தும்?

பாடத்திட்டத்தை முழுவதும் மாற்றிவிட்டோம். வரும் கல்வியாண்டிலிருந்து இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் புதிய ரெகுலேஷனுக்கு, அதாவது புதிய பாட, தேர்ச்சி விதித்தொகுப்புக்கு, கொண்டுவந்துவிட்டால் இரண்டு திட்டங்களைச் சேர்த்து நடத்தும் தொல்லை இருக்காது என்கிறார்கள். செய்யலாமா? – ஒரு துறைத்தலைவர்

செய்யாதீர்கள். இத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு), இந்தக் கட்டாயப் பாடங்கள், இந்தத் தேர்ச்சி மதிப்பெண் என்று சொல்லித்தான் அந்த மாணவரைச் சேர்த்துக்கொண்டீர்கள். சேர்ந்தபோது நடப்பில் இருந்த ரெகுலேஷன்படி பட்டம் முடிக்க அவருக்கு வழி இருக்க வேண்டும். புதியதற்கு மாற விரும்புகிறவர்களுக்கு வாய்ப்பு கொடுக்கலாம். அதை எழுத்தில் வாங்குங்கள், மாறியபின் திரும்பி வர முடியுமா என்பதை முன்கூட்டியே தெளிவாக்குங்கள். சட்டமோ தொழில்முறை ஒழுங்குமுறை அமைப்போ கட்டாயப்படுத்தும் மாற்றம் மட்டும் விதிவிலக்கு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வழக்கமாகப் படித்துவரும் மாணவர்கள் தங்கள் பேட்ச்சோடு நகர்ந்து போய்விடுவார்கள். அரியர் வைத்திருப்பவர்களும், உடல்நலக் காரணத்தால் இடைநின்று மீண்டும் சேர்கிறவர்களும்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்காக ஓர் இணைப்பாட அட்டவணை வேண்டும். பழைய தாளுக்கு ஈடான புதிய தாள் எது? பழைய ஒரு தாள் புதியதில் இரண்டாகப் பிரிந்திருந்தால் எதை எழுதினால் போதும்? ஈடே இல்லாமல் நீக்கப்பட்ட பாடத்துக்குத் தேர்வு எத்தனை முறை, எந்தப் பருவம் வரை நடக்கும்? பழைய ஆய்வகக் கருவிகளை அதுவரை வைத்திருப்பீர்களா? இந்த அட்டவணையும் புதிய பாடத்திட்டமும் ஒரே நாளில் கல்விக்குழு முன் போக வேண்டும். பாடத்திட்டம் முதலில் நிறைவேறட்டும், இது பிறகு வரட்டும் என்று விட்டால், அந்தப் பிறகு பெரும்பாலும் ஒரு மாணவர் மனுவோடு வந்து நிற்கும் நாளாகத்தான் இருக்கும்.

கடைசி வாய்ப்பு எப்போது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது. வளாகத்தை விட்டுப் போனவர் அதைப் பார்க்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதமும் மின்னஞ்சலும் போக வேண்டும். சில நூறு கடிதங்களுக்கான உழைப்பு, ஒருவரின் பட்டம் நின்றுபோவதற்கு முன்னால் பெரிதல்ல.

தேர்வுக் கால அட்டவணை போடும்போதெல்லாம் யாராவது ஒருவருக்கு ஒரே வேளையில் இரண்டு தேர்வு வந்துவிடுகிறது. நல்ல மென்பொருள் வாங்கினால் தீருமா? – தேர்வுப் பிரிவு ஊழியர்

மென்பொருள் உதவும். ஆனால் அதற்குள் போகும் தரவு சரியாக இருந்தால்தான்.

இந்தக் கணக்கின் கடினம் உங்கள் குறையல்ல. ஒவ்வொரு தாளையும் ஒரு புள்ளியாக வைத்து, பொதுவான மாணவர் இருக்கும் இரண்டு தாள்களைக் கோட்டால் இணைத்து, இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்தால் ஒவ்வொரு நிறமும் ஒரு தேர்வு வேளை. வெல்ஷ், பவல் என்ற இருவர் 1967-லேயே இப்படிக் காட்டி, அதிகக் கோடுகள் கொண்ட புள்ளிக்கு முதலில் நிறம் கொடுக்கும் முறையைச் சொன்னார்கள். மற்றத் தாள்களோடு அதிகம் மோதக்கூடிய தாளுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள் என்பதே அதன் நடைமுறைப் பொருள். கையால் அட்டவணை போடுகிறவர்களுக்கும் இன்றுவரை பயன்படும் அறிவுரை இது. 1976-ல் ஈவன், இட்டாய், ஷமீர் ஆகியோர், எளிமையாக்கப்பட்ட கால அட்டவணைச் சிக்கலே எல்லா நேரத்திலும் விரைவாகத் தீர்க்க வழி தெரியாத வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள்.

மோதல் பெரும்பாலும் வெவ்வேறு செமஸ்டர் தாள்களைச் சேர்த்து எழுதும் அரியர் மாணவர்களிடமிருந்து வருகிறது. ஆகவே அரியர் பதிவு முடிந்தபின்தான் அட்டவணையை இறுதி செய்ய வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. அடுத்தது, மீறவே கூடாத நிபந்தனைகளையும் முடிந்தவரை காக்க வேண்டியவற்றையும் பிரித்து எழுதிவையுங்கள். ஒருவருக்கு ஒரே வேளையில் இரண்டு தேர்வு கூடாது என்பது முதல் வகை. அடுத்தடுத்த நாளில் இரண்டு கடினமான தாள் வேண்டாம் என்பது இரண்டாம் வகை. அதன்பிறகும் ஓரிருவர் மாட்டினால், அவர்களைக் கண்காணிப்பில் வைத்து அடுத்த வேளையில் எழுதவைக்கும் விதி முன்பே இருக்கட்டும்.

நான்கு கிரெடிட் பாடம் என்றால் வாரம் நான்கு மணி நேர வகுப்பு என்று மட்டும்தானே பொருள்? மாணவர்கள் சுமை அதிகம் என்கிறார்கள். – பாடத்திட்டக்குழு உறுப்பினர்

வகுப்பு நேரத்தோடு நிறுத்தினால் மாணவரின் வாரத்தில் பாதியைத்தான் பார்க்கிறோம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, படிப்பு, பயிற்சி, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேரம். பிரிட்டனில் ஒரு கிரெடிட் 10 மணி நேரம், ஆண்டுக்கு 120. அமெரிக்காவில் 15 வாரச் செமஸ்டரில், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர வேலையும் என்று கணக்கிடுகிறார்கள்.

இதன் வரலாறு தெரிந்தால் கிரெடிட்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கும். கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர 1905-ல் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை உருவானது. அந்தத் திட்டத்தில் சேர விரும்பும் கல்லூரி, மாணவர் சேர்க்கைக்கு 14 அலகு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் கேட்க வேண்டும் என்றது. ஓர் அலகு 120 மணி நேரம். பள்ளிக்கு வைத்த அந்தக் கால அளவை கல்லூரிகள் தங்கள் பாடங்களுக்கும் எடுத்துக்கொண்டன. மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க அது பிறக்கவே இல்லை.

உங்கள் பாடத்துக்கு ஐரோப்பியக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு கிரெடிட்டுக்கு 100 முதல் 120 மணி நேரம். வாரம் நான்கு மணி வீதம் 15 வாரம் வகுப்புக்கே 60 போய்விடும். மிச்சம் 40 முதல் 60. வாரம் ஒரு அசைன்மென்ட், ரெக்கார்ட், மூன்று அகத் தேர்வு, ஒரு செமினார் எல்லாம் அதற்குள் அடங்குமா? அடங்காது என்றால் மாணவர்கள் சொல்வது சரி. செமஸ்டரின் எல்லாப் பாடங்களையும் வார வாரியாக ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எல்லா ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் தேர்வு வைத்திருப்பது அப்போது தெரியும். தேதியை நகர்த்துவதால் மட்டுமே சுமை கணிசமாகக் குறையக்கூடும்.

விருப்பப் பாடத்துக்கு ஐந்தாறு பேர்தான் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்து செய்வது சரியா? – ஓர் உதவிப் பேராசிரியர்

எண்ணிக்கையைப் பார்க்கும் முன் பெயர்களைப் பாருங்கள். அவர்களில் இறுதிச் செமஸ்டர் மாணவர் இருக்கிறாரா? இந்தப் பாடம் இன்னொன்றுக்கு முன்தேவையா? சங்கிலியாக ஒன்றையொன்று சார்ந்த பாடங்களில் ஒன்று நின்றால், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் அடுத்த பாடமும் தவறி, பட்டமே ஓராண்டு தள்ளிப்போகும். அப்படி இருந்தால் நடத்துங்கள், அல்லது மாற்றுப் பாடத்துக்கு முறைப்படி ஒப்புதல் பெற்றுக் கொடுங்கள்.

நீண்டகாலத் தீர்வு சுழற்சி. எந்த விருப்பப் பாடம் எந்தப் பருவத்தில் வரும் என்று மூன்றாண்டு முன்னோக்கி அறிவியுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையையும் ரத்து முடிவுக்கான கடைசி நாளையும் அதிலேயே போடுங்கள். அந்த நாள் வகுப்பு தொடங்கும் முன் இருக்க வேண்டும்.

வருகை குறைந்த ஒரு மாணவருக்கு மட்டும் விலக்கு தரச் சொல்லி வாய்மொழி உத்தரவு வந்தது. என்ன செய்வது? – பதிவாளர் அலுவலக ஊழியர்

எழுத்தில் கேளுங்கள். விலக்கு தருவது தவறல்ல, பல நேரம் அது அவசியமும்கூட. காரணம், ஆதாரம், எந்த விதிப்பிரிவின் கீழ், யார் அதிகாரத்தில் என்பவை கோப்பில் இருந்தால் நாளை அதே நிலையில் வரும் இன்னொருவருக்கும் அது கிடைக்கும். வாய்மொழி விலக்கு ஆளைத் தெரிந்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரே காரணத்துக்கு விலக்குகள் குவிந்தால், திருத்த வேண்டியது விதியை.

வேறு நாட்டுப் பல்கலையில் படித்த பாடங்களை ஏற்க மறுத்துவிட்டார்கள். "பொருந்தவில்லை" என்ற ஒரு சொல் மட்டுமே பதில். – ஒரு மாணவர்

அந்தப் பதிலை ஏற்க வேண்டாம். ஐரோப்பிய வட்டாரத்துக்கான 1997-ஆம் ஆண்டு லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கை, கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்டினாலன்றி அங்கீகாரம் தர வேண்டும் என்கிறது. மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும். யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019-ல் ஏற்கப்பட்டு 2023-ல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் இதே நெறியில்தான் போகிறது. உங்கள் இரு நாடுகளும் இவற்றில் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சேராவிட்டாலும் காரணத்தை எழுத்தில் கேட்பதில் தடையில்லை.

மேல்முறையீட்டில் பாடத் தலைப்பை மட்டும் வைக்காதீர்கள். அந்தந்தப் பாடத்தின் விரிவான பாடத்திட்டம், கற்றல் பயன்கள், மொத்த மணி நேரம், மதிப்பீட்டு முறை, மதிப்பெண் சான்று ஆகியவற்றை முந்தைய பல்கலையின் முத்திரையோடு வாங்கி, இங்குள்ள பாடத்துக்கு எதிரெதிராக அட்டவணை போட்டு இணையுங்கள். எந்தப் பகுதி குறைகிறது என்று கேளுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு தேர்வு எழுதத் தயார் என்றும் மனுவிலேயே குறிப்பிடுங்கள்.