கேலக்ஸிகள் மோதினால் கருந்துளை விழிக்குமா? கேள்வி பதில்

பாலக்கோடு: சார், கேலக்ஸிகள் மோதினாலும் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்காது என்கிறார்கள். அப்புறம் நடுவிலிருக்கும் கருந்துளைக்கு இரை ஏது?

பதில்: வாயுதான் இரை. அதை விழுங்கும்போது சுற்றுப்புறம் பிரகாசிப்பதைத்தான் கருந்துளை 'விழிப்பது' என்கிறோம். நட்சத்திரங்களுக்கு நடுவே இடைவெளி ஏராளம் என்பதால் அவை விலகிப் போய்விடும். வாயு மேகங்களுக்கு அந்த வசதி இல்லை. மோதிச் சூடேறி ஆற்றலை இழக்கும். அது மட்டும் போதாது. சுற்றுகிற வாயுவிடம் கோண உந்தம், அதாவது சுழற்சியைத் தக்கவைக்கும் உந்தம், இருக்கிறது. அதைத் தொலைக்காதவரை செக்கு மாடு போலச் சுற்றுமே தவிர மையத்துக்கு வராது. பக்கத்து கேலக்ஸியின் ஈர்ப்பு, நட்சத்திர வட்டை இழுத்து நீண்ட பட்டையாக்குகிறது. வாயு அந்தப் பட்டைக்குச் சற்று முன்னால் ஓடும். பட்டை அதைப் பின்னுக்கு இழுக்கும். உந்தம் நட்சத்திரங்களுக்குக் கைமாற, வாயு உள்ளே சரியும். வந்ததில் பெரும்பகுதி புது நட்சத்திரங்களாகிவிடும். கருந்துளைக்குப் போவது சொற்பம்.

ஊத்தங்கரை: சொற்பம் என்றால் எவ்வளவு?

பதில்: பிரகாசமான குவாசருக்கே, அதாவது மிகத் தீவிரமாக விழித்திருக்கும் கருந்துளை மையத்துக்கே, ஆண்டுக்கு 1 அல்லது 2 சூரிய நிறை போதும். விழும் நிறையில் சுமார் 10 சதவீதம் ஒளியாகிறது. நட்சத்திரங்களுக்குள் நடக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் 0.7 சதவீதம்தான்.

ஓசூர்: அப்படியானால் விழித்திருக்கும் கருந்துளைகள் எல்லாமே மோதலால் விழித்தவையா? படங்களில் பல கேலக்ஸிகள் ஒழுங்கான சுருளாகத்தானே தெரிகின்றன?

பதில்: எல்லாம் இல்லை. 2011-இல் ஹப்பிள் படங்களில் 140 செயல்படும் மையங்களை, அதாவது கருந்துளை விழித்திருக்கும் கேலக்ஸிகளை, சாதாரண கேலக்ஸிகளோடு ஒப்பிட்டார்கள். பெரிய சிதைவு இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. நடுத்தரப் பிரகாசமுள்ள கருந்துளைக்கு உள்பட்டையோ சிறு துணை கேலக்ஸியோ ஊட்டும் வாயுவே போதும்.

ஆனால் இதை வைத்து மோதலுக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டுவது தவறு. மோதல் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் நீளும். கருந்துளையோ அதற்குள் பலமுறை எரிந்து அணையும். நாம் பார்க்கும் கணத்தில் அணைந்திருந்தால் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய தடை தூசு. கேலக்ஸிகள் இணையும் கடைசிக் கட்டத்தில்தான் வாயு அதிகம் குவிகிறது. அப்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி வெளியே வராது. கடின எக்ஸ் கதிரும் அகச்சிவப்பும் வரும். அப்படி மறைந்திருந்த பிரகாசமான மையங்களை ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 17 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் இணையும் இரு கேலக்ஸிகளின் மையங்கள் நெருங்கி இருந்தன! செயல்படாத கேலக்ஸிகளில் சுமார் 1 சதவீதமே. என் பார்வையில் மிகப் பிரகாசமானவற்றுக்கு மோதலே முக்கிய வழி.

தருமபுரி: பக்கத்து ஆந்த்ரோமெடா கேலக்ஸி வந்து மோதினால் நம் கருந்துளையும் விழிக்குமா?

பதில்: பால்வெளி மையத்தில் இருப்பது சுமார் 40 லட்சம் சூரிய நிறை, இப்போது அடங்கிக் கிடக்கிறது. வாயு மிச்சமிருந்தால் விழிக்கும். மோதலே உறுதியில்லை, 2025-இல் வந்த கணக்குப்படி அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

அஞ்செட்டி: அண்ணா, 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். இங்கிருந்து எதையாவது பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக, தம்பி. சென்டாரஸ் ஏ கேலக்ஸி. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். இன்னொரு கேலக்ஸியை விழுங்கியது, மையக் கருந்துளையும் விழித்திருக்கிறது. மே நடுவில் நிலவில்லாத நாளில் இரவு 10 மணிக்குச் சற்றுப் பின் நேர் தெற்கே பாருங்கள். 35 டிகிரி உயரம், அதாவது நீட்டிய கையில் மடக்கிய முஷ்டி மூன்றரை. பெங்களூர், ஓசூர் வெளிச்சம் உங்களுக்கு வடக்கே போய்விடுவதால் தெற்கு வானம் இருட்டாகவே இருக்கும். முதலில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே நாலரை டிகிரி ஏறுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் (கண்ணருகு லென்ஸில்) தொடங்கி, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விடுங்கள். மங்கலான வட்டத்தைக் குறுக்கே பிளக்கும் கருங்கோடு தெரிந்தால், அதுதான் விழுங்கிய கேலக்ஸியின் தூசு. நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். யானை நடமாட்டமுள்ள காட்டோரம் வேண்டாம், வீட்டு மாடியே போதும்.