சைட் மாற்றியதும் குண்டு கீழே போகிறதா?

துப்பாக்கியில் புது சைட் (குறிபார்க்க உதவும் முன், பின் உறுப்புகள்) மாட்டியபின் 15 மீட்டரில் குண்டுகள் 8 செ.மீ. கீழே விழுகின்றன என்கிறீர்கள். உடனே முன் சைட்டைத் தேய்க்க அரத்தை எடுக்காதீர்கள். துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கவைத்து ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். விசையை வெடுக்கென்று இழுத்தாலும் கீழேதான் போகும். அப்போதும் அதே இடம் என்றால் முன் சைட் உயரம் அதிகம்.

இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 165 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் (விலகல் × இடைவெளி ÷ தூரம், எல்லாம் மி.மீ. கணக்கில்): 80 × 165 ÷ 15,000 = சுமார் 0.9 மி.மீ. அந்த அளவு குட்டையான முன் சைட் வாங்குங்கள், அல்லது அதே அளவு உயரமான பின் சைட்.

அகலமும் முக்கியம். முன் சைட்டின் பிளேடு (நிமிர்ந்து நிற்கும் தகடு) பின் சைட்டின் பள்ளத்தை அடைத்துக்கொண்டால் இருபக்க வெளிச்சக் கீற்று தெரியாது, நடு பிடிபடாது. பின் சைட் புள்ளியில்லாமல் வெறும் கறுப்பாக இருப்பதே நல்லது. கண் முன் சைட்டிலேயே நிற்கும்.