குறைமாதக் குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது. 2 மணி நேரத்துக்கு 1 மில்லி பால்தான் தருகிறார்கள். பால் பவுடர் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். டின் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களோ? நான் வாங்கினேன், அதனால்தான் கேட்கிறேன்.

நீங்கள் குழந்தையின் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மா தையலோடு வார்டில் படுத்திருக்க, கண்ணாடிக்கு வெளியே நின்று மில்லிக் கணக்குப் பார்க்கிற வேலை நமக்குத்தானே வரும். நான் டாக்டர் இல்லை, மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ‘படிக்காதவன் மருத்துவம் பேசலாமா’ என்று கமெண்டில் கிளம்புபவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் 30 வாரத்தில் பிறந்தாள், 1,240 கிராம். மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில், வைகைக்கு இந்தப் பக்கம். குழந்தையை அன்றே அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து நாள் பால் சுமந்தது நான்தான். முதல் நாள் கையால் பிழிந்து பிழிந்து சிரிஞ்சில் சேர்ந்த சீம்பால் அரை மில்லிகூட இல்லை. மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருந்தது. இதற்குப் போய் பாலம் தாண்ட வேண்டுமா என்று யோசித்தேன். இருந்தாலும் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டிபன் பாக்ஸில் போட்டு, நடுவில் சிரிஞ்சை வைத்துக் கொண்டுபோனேன். சிஸ்டர் அதைத் தங்கம் மாதிரி வாங்கி, குழந்தையின் கன்னத்துக்கு உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தடவிவிட்டார்.

மூன்றாம் நாள்தான் எனக்குக் கோபம் வந்தது. வாயில் ஒரு குழாய், அதில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மில்லி. எடை வேறு 1,130க்கு இறங்கிவிட்டது. "பச்சப்புள்ளைய பட்டினி போடுறீங்களா?" என்று வாசலில் நின்று கத்தினேன். சிஸ்டர் பதிலுக்குக் கத்தவில்லை. "சார், இது வயிறு நிறையுறதுக்கு இல்ல. குடலை எழுப்பிவிடுறதுக்கு. சாப்பாடு அந்தப் பக்கம் போயிட்டிருக்கு பாருங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சிரிஞ்ச், வெளிச்சம் படாமல் சுற்றி வைத்திருந்தார்கள். நரம்பில் பாலை ஏற்றுகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்! அது லிப்பிட்டாம், அதாவது கொழுப்பு. சோயா எண்ணெயை முட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருளோடு சேர்த்துக் கலக்கியது. பக்கத்தில் இன்னொரு பையில் குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்புகள். முழு உணவையும் இப்படி நரம்பு வழியாகவே கொடுப்பதை டி.பி.என். என்பார்கள். இந்த வழி வந்தே சுமார் 60 வருடம்தான் ஆகிறது. 1960களின் கடைசியில் பிலடெல்பியாவில், குடல் சரியாக உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தையை டட்ரிக் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் வாரக்கணக்கில் நரம்பு வழியாகவே வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு முன் நாய்க்குட்டிகளில் செய்து பார்த்திருந்தார்கள்.

அப்படியானால் அதையே ஏற்றிக்கொண்டிருக்கலாமே என்றால், நாள்கணக்கில் ஓடினால் கல்லீரலுக்குச் சிரமம், நரம்பில் செருகிய குழாய் வழியாகக் கிருமி போகும் பயமும் உண்டு. குடலும் சும்மா கிடந்தால் ஓட்டாமல் போட்ட மோட்டார் மாதிரிதான். அதற்காகத்தான் அந்த 1 மில்லி. எங்களுக்குச் சொன்ன இலக்கு கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி. என் மகளுக்கு அது 2 மணி நேரத்துக்கு 15 மில்லியைத் தாண்டும். அங்கே ஒரே தாவாகத் தாவ முடியாது.

(‘நரம்பு வழி உணவை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் தொற்று குறைகிறது என்று 2016இல் ஆராய்ச்சி வந்ததே’ என்று யாராவது கேட்பார்கள். பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் ஐ.சி.யூ.வில் இருந்த 1,440 குழந்தைகளை வைத்துச் செய்தது. அதில் குறைமாதக் குழந்தைகள் இல்லை. நம் பிள்ளைகளுக்கு உடம்பில் சேமிப்பே கிடையாது, அதனால் முதல் நாளே ஆரம்பிக்கிறார்கள்.)

மாமியாருக்கு வேறு கவலை. "நாக்குல ஒரு சொட்டு சேனை தொட்டு வைக்கக்கூட விடலையே" என்று புலம்பல். நான்காம் நாள் மனைவிக்குப் பால் போதாமல் தாய்ப்பால் வங்கியிலிருந்து தருகிறோம் என்றதும், "யாரு வீட்டுப் பாலு? எந்த ஆளுக?" என்றார். ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலில் ஒரு நம்பர்தான் ஒட்டியிருந்தது. 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய பால் அது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் மனைவி படித்துவிடுவாள்.

பேசாமல் விட முடியாத இன்னொன்று பார்க்கிங். பாலைக் கொடுத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் திரும்புகிற வண்டிக்கு ஒவ்வொரு தடவையும் 20 ரூபாய் டோக்கன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. "காலைல வாங்கின டோக்கன் இருக்கேண்ணே" என்றால், "அது காலைல" என்பார். உள்ளே லட்சக்கணக்கில் கட்டுகிறோம், அது வலிக்கவில்லை, இந்த 20 ரூபாய்தான் இன்றுவரை வலிக்கிறது.

ஒன்பதாம் நாள் வயிறு லேசாக உப்பி, குழாயில் பச்சையாக வந்தது. அப்போது 6 மில்லி போய்க்கொண்டிருந்தது. உடனே பாலை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். குறைமாதக் குடலில் வருகிற ஒரு மோசமான நோய் உண்டு, குடலே அழுகிவிடும். பவுடர் பாலில் அதற்கு வாய்ப்பு அதிகம், தாய்ப்பாலில் குறைவு என்று டாக்டர் அன்றுதான் உட்காரவைத்துச் சொன்னார். எங்களுக்கு அது இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி 1 மில்லியிலிருந்து ஆரம்பம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கோபத்தில் வாங்கிய டின் அப்போதும் வண்டி டிக்கியில்தான் கிடந்தது.

34 வாரம் ஆனதும் உறிஞ்சவும் விழுங்கவும் பழகிவிட்டாள். குழாயை எடுத்துவிட்டு முதலில் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொடுத்தார்கள். அதே பாட்டி காலத்துப் பாலாடைதான்! மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நீங்கள் தினமும் இதை மட்டும் கேளுங்கள்: இன்று எத்தனை மில்லி, எடை எவ்வளவு, வயிறு எப்படி இருக்கிறது. மனைவியை இரவிலும் சேர்த்து எட்டுத் தடவையாவது பால் எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

டின் வாங்கியிருந்தால் பிரிக்காமல் பில்லோடு கடைக்கே கொண்டுபோய், எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பணமாகத் தரவில்லை, அந்தக் காசுக்கு டயப்பர் கொடுத்தார்கள். அது என் மகளுக்கு அளவு சரியாக வர மூன்று மாதம் ஆனது.