ஆயிரம் வொட் பெட்டியும் பழைய பேஸ் சத்தமும்

கல்லடி வாசகர்: தேவாலயத்திலும் கலியாண வீட்டு பைலாவிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். 1960களின் இசைத்தட்டுகளில் வருகிற, காதைக் குத்தாத உருண்டைச் சத்தம் வேண்டும். ஓட்டோவில் ஏற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் போட்ட அம்ப்ளிஃபையர்) வாங்கவா?

முதலில் கம்பியை மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஸ்டூடியோவில் பெரும்பாலும் அம்ப் இல்லாமல் நேரே மிக்ஸருக்குத்தான் கொடுத்தார். தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பி (மேல்சுற்று தட்டையாக, வழுவழுப்பாக இருப்பது), பிரிட்ஜ் பக்கம் கம்பியை அழுத்துகிற ஒரு துண்டு ஸ்பொஞ்ச், வலக்கையில் ஒரே விரல். நீங்கள் தேடுவதில் பெரும்பங்கு அங்கேயே இருக்கிறது. புதுக் கம்பியின் கணகணப்பு எந்த விலை அம்பிலும் கணகணப்புத்தான்.

சின்ன மேடைகளுக்கு அவர் வைத்திருந்தது அம்பெக் பி-15. 1960இல் வந்த வால்வு அம்ப். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வலு சுமார் 25 வொட். அருமையான சாமான், ஆனால் அதைத் தேடி அலையாதீர்கள். பாரம் ஒருபக்கம் இருக்க, வால்வு போனால் மாற்றிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். ஸ்பீக்கர் வயர் கழன்றது தெரியாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபோமரும் போய்விடும்.

உங்களுக்கு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத அம்ப்) தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி என்பதே சரி. 300 முதல் 500 வொட் வரையான கிளாஸ் டி (பாரம் குறைந்த வகை) ஹெட் இரண்டு மூன்று கிலோதான், தோள்பைக்குள் போகும். பெட்டிக்கு 12 அங்குல நியோடிமியம் (இலேசான காந்தம்) ஸ்பீக்கர் ஒன்று, மின்தடை 8 ஓம். கடைக்காரர் சொல்லாத விசயம் ஒன்று: ஹெட்டில் எழுதியிருக்கும் வலு அநேகமாக 4 ஓமுக்கானது, 8 ஓம் பெட்டி ஒன்றோடு ஏறக்குறைய பாதிதான் வரும். சின்ன மண்டபத்துக்கு அது போதும். பெரிய இடம் என்றால் அதே மாதிரி இன்னொரு பெட்டியைச் சேருங்கள், 4 ஓம் ஆகிவிடும்.

பெட்டியில் ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால் அணைத்துவிடுங்கள். பேஸ் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டாம். ஆகத் தடித்த கம்பியின் 41 ஹெர்ட்ஸைச் சின்னப் பெட்டி ஒழுங்காகத் தராது, வீணாக ஸ்பீக்கரின் கோன்தான் (முன்பக்கக் கூம்பு) துடிக்கும். 80இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரைதான் நீங்கள் சொல்லும் உருண்டை. வால்வு ருசி அப்புறமும் வேண்டுமென்றால் ஒரு ப்ரீஅம்ப் பெடல் (அம்புக்கு முன்னால் போட்டுச் சத்தத்தின் நிறத்தை மாற்றுகிற சின்னப் பெட்டி) வாங்குங்கள்.

மருதமுனை வாசகர்: வீட்டு ஹோம் தியேட்டர் சப்வூஃபரில் பேஸ் கிட்டாரைக் குத்தலாமா?

கூடாது. கோன் கிழிந்தால் படமும் பார்க்க முடியாது.

களுவாஞ்சிகுடி வாசகர்: ஒன்லைனில் 1000 வொட் என்று போட்டிருந்த பேஸ் பெட்டி வாங்கினேன். ட்ரம்ஸ் தொடங்கினால் என் சத்தம் கேட்பதே இல்லை. பில் எடுக்கவில்லை.

வாசித்துப் பார்க்காமல், பில்லும் இல்லாமல். சரி, இனியாவது பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். எத்தனை வொட் மின்சாரம் இழுக்கிறது என்று அங்கே இருக்கும். 60 என்றிருந்தால் 60க்கு மேல் அது தொடர்ந்து கொடுக்கவே முடியாது. சுவரிலிருந்து வராத மின்சாரம் ஸ்பீக்கருக்கு எங்கிருந்து வரும்? அட்டையில் அடிக்கிற 'பீக்', 'பிஎம்பிஓ' எல்லாம் கண் இமைப்பதற்குள் வந்து போகிற உச்சத்தின் கணக்கு. பல பெட்டிகளில் அந்தக் கணக்கும் வாய்க்கு வந்ததுதான். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு), அதுவும் எத்தனை ஓமில் என்று சேர்த்து. வொட் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரு வொட்டுக்கு எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்பது) 94இலிருந்து 97 ஆனாலும் அதே 3 டெசிபல் கிடைக்கிறது, மின்சாரம் கூடாமலே. எந்த விளம்பரம் இதைப் பெரிய எழுத்தில் போடுகிறது? இந்த வொட் பித்தலாட்டத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. என் விறாந்தையில் '2000 வொட்' கரோக்கே பெட்டி ஒன்று பூச்சட்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

பற்றுச்சீட்டைக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். நீங்கள் கேட்கவே இல்லையே.

அக்கரைப்பற்று வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த பழைய பேஸ் கொம்போ (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்றை வாங்கினேன். கடையில் பிளக்கை மாற்றித் தந்து, 'அப்படியே குத்தலாம்' என்றார்கள். போட்டதும் புகை. ஒரு வருசச் சேமிப்பு. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

தம்பி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றத் தெரிந்தவருக்குத் தகட்டைப் படிக்கவா தெரியாது? அம்பைத் திறக்க வேண்டாம், யாரிடமும் திருத்தவும் கொடுக்க வேண்டாம். தகட்டையும் மாற்றிய பிளக்கையும் படம் எடுங்கள். பில்லின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே நாளைக்கே எழுதுங்கள். வழி கேட்க 1977ஐ அழைக்கலாம். கடைக்காரரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள், சிலருக்கு அதைப் பார்த்ததுமே மனம் மாறும். பணம் வராவிட்டாலும் பெட்டியை எறிய வேண்டாம். ஸ்பீக்கர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு, 230 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர் போட்டுப் பார்க்கலாம்.

வாழைச்சேனை வாசகர்: முன்பக்கக் கண்ணாடியில் வால்வு செம்மஞ்சளாக எரிகிறது. அப்படியென்றால் அசல் வால்வு அம்ப் தானே?

சுவிட்சைப் போட்ட கணமே பளிச்சென்று எரிந்தால் அது கீழே ஒட்டிய எல்ஈடி. வால்வின் இழை மெல்லத்தான் சிவக்கும். அசல் வால்வு ஒன்று இருந்தாலும், வலுக் கொடுப்பது உள்ளே இருக்கிற வேறொரு சிப்பாக இருக்கலாம். காசை எண்ண முன்பு கடையில் அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.