அரிசி மூட்டை கொடுக்கவா மாஸ்டர்ஸ்?

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயும் மகளும் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். அம்மா செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கியவர். இப்போது பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். மகள் சமூகவியல் பட்டதாரி. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம்.மில் சமூகப்பணி முதுகலை படிக்க ஆசை. தாய்மாமன்தான் விடமாட்டேன் என்கிறார். "வெல்ஃபேர்ல அரிசி மூட்டை கொடுக்கவா மாஸ்டர்ஸ்? லாயருக்குப் படிக்க வை!"

பயப்படாதீர்கள், பேசித் தீர்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அந்தம்மா பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து தன் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கையை மேசையில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா, அந்தத் தாளை உள்ளே வையுங்கள். சேமநிதியில் செஜாத்தெரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் உங்களுக்கு வயது 53. தனியார் கல்லூரியில் சட்டம் முதலிலிருந்து படிக்க மூன்று நான்கு வருடம், வெளிநாட்டுப் பட்டமென்றால் மேலே சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதிப் பரீட்சை, அப்புறம் மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சியான சேம்பரிங். அதுவரைக்கும் உங்கள் முதுமைக்கான காசுதான் கரையும். சட்டப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. உங்கள் மகள் அதைக் கேட்கவே இல்லை, அதுதான் என் வாதம்.

எம்.பி.ஏ., ஆசிரியர் பயிற்சி பற்றி உறவினர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையை: அரசாங்க மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவு.

ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் முற்றி ஒரு காலை எடுத்தாகிவிட்டது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். வீடோ நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் போனை எடுப்பதில்லை. பாட்டிக்கு மலாய் அரைகுறை. யார் என்ன கேட்டாலும் மலாயில் "பாய்க், பாய்க்" (சரி, சரி) என்று தலையாட்டுகிறார். இங்கேதான் மருத்துவ சமூகப்பணியாளர் வருகிறார். தமிழில் பேசி, மகன் ஏன் வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார். வீட்டுக்கே போய்க் கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளந்து பார்க்கிறார். செயற்கைக் காலுக்கு நிதியுதவி கேட்டுக் குடும்பத்தின் வரவு செலவை விசாரித்து அறிக்கை எழுதுகிறார். சமூக நல இலாகாவின் முதியோர் உதவித் தொகைக்கு மனுப் போடுகிறார். அடிபட்டு வரும் மனைவி, வளர்ப்பவர் யாரென்றே தெரியாத பிள்ளை, எல்லாம் இதே மேசைக்குத்தான் வரும். மாமா சொன்ன அரிசி மூட்டை இதில் எங்கே இருக்கிறது?

இந்த நாட்டில் சமூகப்பணியை முதன்முதலாகப் பட்டப்படிப்பாக்கியது யூ.எஸ்.எம்.தான், 1975இல். மகளே, உன்னிடமும் ஒன்று கறாராகச் சொல்கிறேன். அரசாங்க அதிகாரி வேலைக்கு இளங்கலைப் பட்டமே போதும். அந்தப் பதவியின் சம்பளத் தரத்தை முன்பு 41 என்றார்கள், 2024 டிசம்பரிலிருந்து தரம் 9. முதுகலை முடித்ததால் மட்டும் தரம் ஏறிவிடாது. அந்தக் கணக்கில் போகாதே. சமூகவியல் உனக்குச் சமூகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. அழுகிற ஒருவர் முன்னால் உட்கார்ந்து என்ன கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதை மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். அதற்காகப் போவதானால் போ.

அதனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் களப்பயிற்சி இருக்கிறதா என்று முதலில் கேள். வெறும் ஆய்வேடு எழுதும் முதுகலையும் உண்டு. உனக்கு அது வேண்டாம். பாடத்திட்ட முறையோ கலப்பு முறையோ பார். களப்பயிற்சி எங்கே, எத்தனை வாரம், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்கு. கட்டணத்தை ஒரு பருவத்துக்குப் பார்க்காமல் முழுப் படிப்புக்கும் கூட்டிப் பார். விடுதி, சாப்பாடு, பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெரி, பஸ் எல்லாம் அந்தத் தாளில் ஏற வேண்டும். கை கடித்தால் ஒரு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போ. அம்மாவின் கணக்கில் மட்டும் கை வைக்காதே.

அடுத்த வாரம் வரும்போது மாமாவையும் அழைத்து வாருங்கள், அக்கா. அவரும் சட்டப் படிப்பின் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். கடன் வாங்க நேர்ந்தால் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்பதையும் இன்று இரவே கேட்டுவிடுங்கள்.