குழந்தைக்கு இரைக்கிறது, டாக்டர் மருந்தே தரவில்லையே?

கேள்வி: என் பையனுக்கு 5 மாதம். திங்கட்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பித்தது, புதன்கிழமை இருமல், வியாழக்கிழமை மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம். பதறி ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு ‘பிராங்கியோலைட்டிஸ்’ என்றார். ஆன்டிபயாடிக் இல்லை, நெபுலைசர் இல்லை, எக்ஸ்ரே கூட இல்லை. மூக்கில் விட சலைன் சொட்டு மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். வேறு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். மருந்து எழுதாமல் ஒரு அம்மாவை அனுப்பி வைக்கத் தைரியம் வேண்டும், எழுதிக் கொடுப்பது அதைவிட சுலபம்.

நுரையீரலுக்குள் போகும் காற்றுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் நூல் மாதிரி மெலிந்துவிடும். அந்த மெல்லிய குழாய்களில் வைரஸ் புகுந்து உள்சுவரை வீங்க வைப்பதுதான் பிராங்கியோலைட்டிஸ். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸ், சில சமயம் சாதாரண ஜலதோஷ வைரஸ்கள். 2 வயதுக்குள்தான் வரும், அதிலும் முதல் வருடத்தில் அதிகம். அதே வைரஸ் உங்களுக்கு வந்தால் இரண்டு தும்மலோடு போய்விடும். குழந்தைக்குக் குழாயே சின்னது, அதில் கொஞ்சம் வீங்கினாலும் மிச்ச வழி ரொம்பக் குறைந்துவிடும். குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது கணக்கு.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சரி, நெபுலைசர்? ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, நெபுலைசரில் புகையாக உள்ளே போகும் மருந்து அதைத் தளர்த்துகிறது. இங்கே அடைப்புக்குக் காரணம் வீக்கமும் சளியும் உதிர்ந்த செல்களும். தளர்த்துவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டும் அப்படித்தான், பலன் இல்லை. இருமல் சிரப் இந்த வயதுக்குக் கூடவே கூடாது, ஆவி பிடிப்பதும் வேண்டாம், வெந்நீர் கொட்டிப் புண்ணாகும்.

அப்புறம் என்ன செய்வது? இந்த வயதுக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடப் பார்ப்பார்கள், மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. அதனால் பாலுக்குக் கொஞ்சம் முன்னால் சலைன் விட்டு மூக்கைச் சுத்தம் செய்யுங்கள், ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

சத்தம் பயமுறுத்தும், ஆனால் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரொம்ப மோசமான குழந்தையிடம் சத்தமே குறைந்துவிடுவதும் உண்டு. நான் கேட்பது இரண்டே விஷயம்: எவ்வளவு குடிக்கிறான், எத்தனை தடவை மூச்சு விடுகிறான். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், குழந்தைகள் கொஞ்சம் வேகமாக விட்டு, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி விடுவார்கள், கணக்குத் தப்பிவிடும். 2 மாதத்திலிருந்து 1 வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துளை விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறானா, வாயில் வைத்து நாலு தடவை சப்பிவிட்டு மூச்சு வாங்கி விலகிவிடுகிறானா, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூட இறங்கவில்லையா, 12 மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உதடோ நாக்கோ நீலமானாலும், மூச்சு நின்று நின்று வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கேயும் முக்கியமாகக் கிடைப்பது ஆக்சிஜனும் டியூப் வழியாகப் பாலும்தான்.

பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம், நீங்கள் ஓடியது நாலாம் நாள். இந்தப் பதில் அச்சாகி வரும்போது பையன் சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். இருமல் மட்டும் 2, 3 வாரம் இழுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: இது பிற்பாடு ஆஸ்துமா ஆகிவிடுமா?

பதில்: சில குழந்தைகளுக்கு அடுத்தடுத்த ஜலதோஷத்தில் மறுபடி இரைக்கும், பலருக்கு வளர வளர அது நின்றுவிடும். ஒரு தடவை வந்ததற்கே ஆஸ்துமா என்று பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் 1 மாதக் கைக்குழந்தை, குறைமாதத்தில் பிறந்தவள். மூத்தவன் பள்ளியிலிருந்து சளியோடு வருகிறான். தடுக்க வழி உண்டா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. குறைமாதக் குழந்தைகளுக்கும், இதயத்தில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும், 3 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கும் இது கடுமையாகலாம். மூத்தவன் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இந்த வைரஸ் மேஜை, பொம்மை மீதெல்லாம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சளி இருக்கும்வரை தங்கச்சியின் காலை மட்டும் கொஞ்சச் சொல்லுங்கள், முகம் வேண்டாம். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அதை முதலில் நிறுத்துங்கள், பால்கனியில் நின்று பிடித்தாலும் சட்டையில் புகை வரும்.

ஆர்எஸ்விக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும், குழந்தைக்கு நேராகப் போடும் நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்கும் புரதம்) ஊசியும் சமீப வருடங்களில் வந்திருக்கின்றன. இரண்டாவது உங்கள் மகளுக்குப் பொருந்துமா, அங்கே கிடைக்குமா என்று அவளுடைய டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். இடையில் அவளுக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராகத் தூக்கிக்கொண்டு போங்கள்.