பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

கேள்வி: நாங்கள் சேலத்துக்காரர்கள், ஐந்து பேர். கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, பாட ஒரு தோழி. சொந்தப் பாட்டு ஏழு வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் வாசித்தோம். பாட்டு நன்றாக இருந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பாடகியின் சித்தப்பா மட்டும், "பாட்டெல்லாம் சரி, நீங்க நிக்கிறதப் பார்த்தா அஞ்சு ரோட்டுல பஸ்சுக்கு நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். மே மாதம் ஏற்காட்டில், கோடை விழா சமயத்தில், 40 நிமிட மேடை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு ஒரே மாதிரி கறுப்பு லெதர் ஜாக்கெட்டும் ஒரு புகை மெஷினும் வாங்கலாம் என்று இருக்கிறோம். பாடகிக்குக் கூச்சம் அதிகம், மேடையில் பேசவே மாட்டார். எங்களுக்கென்று ஒரு 'இமேஜ்' வர என்ன செய்ய வேண்டும்? கல்லூரி விழா வீடியோவையும் எங்கள் போஸ்டரையும் அனுப்பியிருக்கிறேன்.
- கிடார் வாசிப்பவன், அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, புகை மெஷின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஒரு மழை பெய்தால் போதும், மூடுபனி இலவசமாகவே இறங்கும். அதற்கு எதற்குக் காசு?

வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் எந்த இடத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு ஓடும்போது நீங்கள் யாரும் பஸ்சுக்கு நிற்கவில்லை. டிரம்ஸ் தம்பி தோளைக் குலுக்கிக்கொண்டு வாசிக்கிறார். பேஸ்காரர் கண்ணை மூடித் தலையாட்டுகிறார். பாடகி, தறிச் சத்தத்தை வைத்து நீங்கள் கட்டிய அந்தத் தறிப் பாட்டின் சரணத்தில் இடது கையைத் தன்னையறியாமல் நாடா ஓடுகிற மாதிரி அசைக்கிறாரே, அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பாட்டு முடிந்த நொடியில்தான் அஞ்சு ரோடு வந்துவிடுகிறது.

இரண்டாவது பாட்டு முடிகிறது. கை தட்டுகிறார்கள். நீங்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் பக்கம் குனிகிறீர்கள். டிங், டிங் என்று ஆறு கம்பியையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சுருதி சேர்க்கிறீர்கள். கீபோர்டுக்காரர் தண்ணீர் குடிக்கிறார். பாடகி அடுத்த பாட்டின் வரிகளைப் போனில் தேடுகிறார். வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடித்து, பேய்க்கதை சொல்ல வந்தவர் மாதிரி தெரிகிறார். "அடுத்து எதுடா?" என்று யாரோ கேட்பதை மைக் வாங்கி ஒலிபரப்புகிறது. மொத்தம் 1 நிமிடம் 50 நொடி. அதற்குள் முன்வரிசையில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பாட்டு, பாட்டுக்கு 4 நிமிடம் என்றால் 28 நிமிடம். 40 நிமிட மேடையில் மிச்சம் 12. பாட்டுக்கு நடுவே ஆறு இடைவெளி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 நிமிடம். அந்த 12 நிமிடத்துக்கு நீங்கள் ஒரு நாள்கூட ரிகர்சல் பார்த்ததில்லை. உங்கள் இமேஜ் உருவாவதும் சரி, கெடுவதும் சரி, அங்கேதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் ஆடி மாத அம்மன் பண்டிகை மேடைகளில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி இரண்டு பாட்டுக்கு நடுவில் எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் பழைய பாக்கி 500 ரூபாய் விஷயமாக வாக்குவாதம். பக்கத்தில் கோரஸ் மைக் திறந்திருந்தது. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் வழியாக நாலு தெருவுக்கும் என் கடன் தெரிந்துபோனது. அடுத்த பாட்டு பக்திப் பாட்டு. கூட்டம் சிரித்த சிரிப்பில் பாட முடியவில்லை. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஜிகினா கோட்டுதான், தெரியுமா?

பீட்டில்ஸ் குழுவைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பின்னால் அவர்களுக்கு மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் 1961 நவம்பரில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் அவர்களைப் பார்த்தார். லெதர் ஜாக்கெட்டோடு அலைந்த பையன்களுக்கு அடுத்த வருடம் கோட் சூட் மாட்டிவிட்டார். இந்தக் கதை பிரபலம். ஆனால் மேடையில் தின்பதும், புகைப்பதும், கெட்ட வார்த்தை பேசுவதும் கூடாது என்று நிறுத்தியதும், பாட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து குனிந்து வணக்கம் சொல்ல வைத்ததும் அவர்தான். அதாவது, அவர் பாதி வேலையைப் பாட்டு நடக்காத நேரத்தில்தான் பார்த்திருக்கிறார். உங்கள் லெதர் ஜாக்கெட்டை அவர்கள் அறுபது வருடத்துக்கு முன்பே கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்!

சரி, என்ன செய்யலாம்? இனிமேல் ரிகர்சலை உட்கார்ந்து பார்க்காதீர்கள். நின்று, மேடையில் நிற்கிற அதே தூரத்தில், நடு இடைவெளி உட்பட முழு 40 நிமிடத்தையும் ஓட்டுங்கள். ஒரு போனை அறையின் கடைசி மூலையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், உங்களை நீங்களே ரசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். பதிவில் பாட்டுகளைத் தள்ளிவிட்டு நடுவில் வருவதை மட்டும் பாருங்கள். முதல் தடவை பார்க்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

சுருதி சரியா என்று காட்டுகிற டியூனர் பெடல் ஒன்று வாங்கி ஆம்புக்கு முன்னால் மாட்டுங்கள். காலால் அழுத்தினால் சத்தம் வெளியே போகாது, கூட்டத்தைப் பார்த்தபடியே சுருதி சேர்க்கலாம். பாட்டு வரிசையைத் தாளில் பெரிதாக எழுதி ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டுங்கள். எந்தப் பாட்டுக்குப் பின் யார் பேசுவது, எங்கே பேசாமல் நேராக அடுத்ததில் இறங்குவது என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்திலாவது டிரம்ஸ் நிற்கவே கூடாது. பாட்டு முடியும், தாளம் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், அதன் மேல் அடுத்த பாட்டு ஏறும். பாடகி வரிகளை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், இதில் சலுகை கிடையாது. சொந்தப் பாட்டைப் போன் பார்த்துப் பாடினால் கேட்கிறவர் மட்டும் எதற்காக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

அவருக்குப் பேச வராவிட்டால் விட்டுவிடுங்கள். பாடுகிறவர்தான் பேச வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. டீக்கடையில் உங்களில் யார் அதிகம் பேசுவார்? வீடியோவைப் பார்த்தால் டிரம்ஸ் தம்பி என்றுதான் தோன்றுகிறது. அவருக்கு ஒரு மைக் கொடுங்கள். ஆனால் "சேலம்ம்ம், எப்படி இருக்கீங்க?" என்ற கத்தல் மட்டும் வேண்டாம், கை தட்டச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். தறிப் பாட்டுக்கு முன்னால் அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "அடுத்து எங்களோட நெக்ஸ்ட் சாங்." அவ்வளவுதான். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்தச் சத்தத்தை வைத்தே பாட்டுக் கட்டியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். அதைவிட, டிரம்ஸ் தம்பி ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் டடக்கு டடக்கு என்று தறி ஓடுகிற மாதிரி தட்ட ஆரம்பிக்கட்டும். தட்டிக்கொண்டே, "எங்க தெருவுல இந்தச் சத்தம் நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும்" என்று சொல்லட்டும். பாட்டு தானாகத் தொடங்கிவிடும்.

நிற்கிற விதத்திலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ஐந்து பேரும் ஒரே வரிசையில் நின்றால் யார் நின்றாலும் பஸ் ஸ்டாப்தான். டிரம்ஸை முடிந்த அளவு முன்னால் இழுத்துப் போடுங்கள், பேஸ்காரர் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். மற்றவர்கள் பிறை மாதிரி வளைந்து நின்றால் ஒருவர் கண் ஒருவருக்குத் தெரியும். யாராவது தப்பு செய்தால் திரும்பி முறைக்காதீர்கள். தப்பு கேட்காதவர்களுக்கும் முறைப்பு தெரிந்துவிடும். கடைசிப் பாட்டு முடிந்ததும் வயரைச் சுருட்ட ஓடாமல், சேர்ந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

உடையைப் பற்றிக் கேட்டீர்கள். அர்த்தம் இருந்தால் சீருடையும் நன்றாகத்தான் இருக்கும். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சாதி எதிர்ப்பு இசைக் குழுவினர் கோட் சூட் போட்டுக்கொண்டு கானா பாடினார்கள். அம்பேத்கர் போட்ட கோட் சூட்டை நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு பேச்சு இருப்பது புரியும். உங்கள் கறுப்பு ஜாக்கெட்டில் என்ன பேச்சு இருக்கிறது? கறுப்புத் திரைக்கு முன்னால் தலை மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான். பளீர் வெள்ளையும் விளக்கில் கண்ணைக் கூசும், நெருக்கமான கோடு போட்ட சட்டை வீடியோவில் அலையடிக்கும். உங்கள் தெருவிலேயே கிடைக்கிற கைத்தறியில் அரக்கு, கருநீலம் என்று இரண்டு நிறத்துக்குள் ஆளுக்கொரு விதமாகத் தைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மாம்பழப் படம் போட்ட டீ-சர்ட் வரை போய்விடாதீர்கள்.

போஸ்டரைப் பார்த்தேன். தண்டவாளத்தில் ஐந்து பேர், கறுப்புக் கண்ணாடி. தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. அது கிடக்கட்டும், எல்லாக் குழுவும் இதையேதான் எடுக்கிறார்கள். அடுத்தபடியாக ஏற்காடு சாலையில் அந்தக் காலத்து சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவுக்கு முன்னால் நிற்கலாம் என்று தோன்றும், அதையும் ஊரே எடுத்தாயிற்று. தறிக்கூடத்துக்குள் போய் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். மேடை தருகிறவர்கள் உண்மையில் கேட்பது போஸ்டரை அல்ல, கூட்டமும் சேர்ந்து தெரிகிற 2 நிமிட மேடை வீடியோவை. அதை ஏற்காட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டுக் கூட்டம் உங்களுக்காக வந்த கூட்டம் அல்ல. மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு, கையில் மிளகாய் பஜ்ஜியும் தோளில் தூங்குகிற குழந்தையுமாக நடந்துபோகிறவர்கள். அறிமுகப் பேச்சு எதுவும் வேண்டாம், நேராக இருப்பதிலேயே வேகமான பாட்டில் தொடங்குங்கள். உங்கள் பெயரை அதற்கு அப்புறம் சொல்லுங்கள், கடைசிப் பாட்டுக்கு முன்னால் மறுபடியும் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவு இருபது, பாடகியை முன் சீட்டில் உட்கார வையுங்கள். மத்தியானமே ஏறிவிடுங்கள். சேலத்து வெயிலிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் போனால் கம்பியின் சுருதி நகர்ந்துவிடும், பெட்டியைத் திறந்து வாத்தியத்தைக் கொஞ்ச நேரம் ஆற விட வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. முன்னால் நடக்கிற நிகழ்ச்சி இழுத்தால் உங்கள் 40 நிமிடம் 25 ஆகிவிடலாம். எந்த இரண்டு பாட்டை விடுவது என்று மலை ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் வேண்டாம். என் 500 ரூபாய் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா?

ஜாக்கெட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் அந்த 15,000-த்தில் டியூனர் பெடல், ஐந்து கைத்தறிச் சட்டைத் துணி, தையல் கூலி எல்லாம் போக, ஏற்காடு வண்டி வாடகைக்கும் மிஞ்சலாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் திரும்பி இறங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், ராத்திரியில் மலையில் குளிரும்.